மூன்று கல்

அந்த வீட்டில் அடுப்பு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. வருஷங்கள் போன பிறகும், நடுராத்திரியில் விழிப்புத் தட்டினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்த மூன்றாம் நாள். மே மாத வெயில். டீ வந்துவிட்டதென்று எல்லோரும் இலுப்பை மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சாந்துச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பதற்காக நான் மட்டும் பின்தங்கியிருந்தேன். அப்போது போதகரின் மனைவி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி, வாசல் வரப்போகிற இடைவெளி வழியாக உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். மடியிலிருந்து மூன்று கற்களை எடுத்து, முன்னறையில் வலப்பக்கச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி முக்கோணமாக வைத்தார். அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், அங்கிருந்து கற்களைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு கல்லை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். எங்கள் ஆட்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியதும் மூன்றையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பின்பக்கமாகப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சட்டியைக் கழுவிய கை ஈரத்தோடு நின்றேன். அவர் ஏதோ ஜெபம் செய்கிறார், புது வீட்டுக்கு அவர்கள் வழக்கத்தில் ஏதோ சடங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கையில் இருந்த வரைபடத்தில் சமையலறை பின்பக்கம் இருந்தது. ஆறடிக்கு ஏழடி. அதில் கேஸ் அடுப்பு வைக்கக் கடப்பைக்கல் மேடை. அந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மேடை கட்டினோம். மட்டம் பார்த்து, ரொம்ப நன்றாகவே கட்டினோம்.

குஜராத்தின் தென்கிழக்கு மூலையில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய டாங்ஸ் மாவட்டம் அது. தேக்கும் மூங்கிலும் நிறைந்த மலைக்காடு. பீல், வார்லி, குன்பி என்று பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் சபையிலிருந்து 2011ஆம் வருஷம், அந்த ஊர்ப் போதகருக்கு வீடு கட்டிக்கொடுக்கப் பதினான்கு பேர் போனோம். மூன்று பேர் தொழில் தெரிந்த கொத்தனார்கள். ஒருவர் சென்ட்ரிங் வேலைக்காரர். மற்ற பத்துப் பேரும் என்னைப்போலப் பள்ளிக்கூட வாத்தியார், பலசரக்குக் கடைக்காரர், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல். கேரளத்தின் பச்சையும் கொங்கணின் குகைகளும் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. கட்டுச்சோறும் எள்ளுப்பொடியும் தீர்வதற்குள் சூரத் வந்துவிட்டது. அங்கிருந்து ஜீப். இந்தப் பயணத்தைப் பற்றிய என் குறுகுறுப்பை எழுதும்போது, அந்த நாட்களின் சந்தோஷத்தை மறைத்தால் அது பொய்யாகிவிடும். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாங்கள் தமிழில் ஒரு சரணமும் அவர்கள் டாங்கி மொழியில் ஒரு சரணமுமாக ஒரே ராகத்தில் பாடியபோது என் பக்கத்தில் இருந்த பலசரக்குக் கடைக்காரர் அழுதார். ஊரில் யாருக்கும் ஒரு ரூபாய் கடன் சொல்லாத மனிதர். பகலெல்லாம் சாந்து சுமந்து உள்ளங்கை கொப்பளித்து, அந்தக் கையாலேயே கேழ்வரகு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டபோது இருந்த ருசி பிறகு எந்தச் சாப்பாட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உடம்பால் செய்த ஊழியம் என்று என் கணக்கில் அது ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் அதைத் தொட்டுப் பார்க்க இத்தனை தயக்கம்.

எட்டாம் நாள் கான்கிரீட் தார்சு போட்டோம். கலவை மெஷின் கிடையாது. கைக்கலவை. விடியற்காலை தொடங்கி, இடையில் நிறுத்தக் கூடாது என்பதால் ஆள் மாற்றி ஆள் சட்டி கடத்தி, இருட்டும்போது முடித்தோம். மறுநாள் காலையில் தார்சின் மேல் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அதற்கு அடுத்த நாள் பிரதிஷ்டை ஜெபம். முட்டுக் கம்புகள் தாங்கி நிற்கும் தார்சுக்குக் கீழே, கம்புகளுக்கு நடுவே நெருக்கி நின்றுகொண்டே ஜெபித்தோம். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்த தேதி அது. மாற்ற முடியாது. புதுத் தார்சு குறைந்தது பத்து நாளாவது தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த வெயிலுக்கு இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. எங்கள் கொத்தனார் அண்ணாச்சி போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தையிலும் மீதியைக் கைச்சாடையிலும் சொன்னார்: காயவிடக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும், காலையிலும் சாயங்காலமும் நிரப்ப வேண்டும். போதகர் தலையாட்டினார். டாங்ஸில் ஆனியிலிருந்து புரட்டாசி வரை கொட்டுகிற மழை நம்மூர்க்காரர்களால் கற்பனை செய்ய முடியாதது. ஆனால் அத்தனையும் மலைச்சரிவில் ஓடிப்போய்விடும். மே மாதத்தில் கிணற்றின் அடியில் ஊறுகிற தண்ணீரை லோட்டாவால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். நாங்கள் இருந்த பத்து நாளும் எங்கள் குளியலுக்கும் சாந்துக்கும் தண்ணீர் தலைச்சுமையாக வந்துகொண்டேதான் இருந்தது. யார் தலையில் வந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை. ஜீப் கிளம்பித் திரும்பும் வளைவில்தான் பார்த்தேன். ஆறேழு பெண்கள் வரிசையாக மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு குடம். ஜீப்புக்கு வழிவிட்டு ஒதுங்கிச் சிரித்தார்கள். தங்கள் வீட்டுப் பானையில் ஊற்றியிருக்க வேண்டிய தண்ணீரை அந்தத் தார்சில் இரண்டு வாரம் ஊற்றியவர்கள் அவர்கள்தான்.

வாசலுக்கு வலப்பக்கம் ஒரு கல் பதித்திருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்தே கருங்கல்லில் வெட்டி, சாக்கில் சுற்றி, ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோன கல். எங்கள் சபையின் பெயரும் தேதியும் ஸ்தோத்திர வார்த்தையும் தமிழில் பொறித்தது. அந்த ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பதிக்கும்போது எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர் உபதேசியார் வீடு பனையோலைக் கூரை. எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். அவர் சேகரத்துக்கு ஒருவர், குருமனையில் இருப்பார், மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார். ஊரோடு ஊராக இருப்பவர் உபதேசியார்தான். புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உபதேசியார் வீட்டுக்கு ஓலை மாற்றுவார்கள். பனையேறுகிற வீட்டுக்காரர்கள் ஓலை தருவார்கள். பனையில்லாத வீட்டுக்காரர்கள் நார் கிழித்துத் தருவார்கள். அதுவும் இல்லாதவர்கள் ஆள் வருவார்கள். பெண்கள் கூடி முற்றத்தில் பெரிய உலை வைப்பார்கள். பழைய ஓலையைப் பிரித்துத் தள்ளும்போது எலிக்குஞ்சும் தேளும் விழும். எங்களுக்கு அதுதான் வேடிக்கை. வரிச்சலில் எது உளுத்திருக்கிறது, போன வருஷம் யார் கட்டிய கட்டு நழுவியது என்று கூரைமேல் உட்கார்ந்தே சத்தமாகச் சண்டை போடுவார்கள். உபதேசியாரம்மா கீழே நின்று, "அடுப்படிக்கு மேல இன்னும் ரெண்டு ஓல கூட வையுங்க அண்ணாச்சி, போன ஐப்பசியில ஒல அணைஞ்சு போச்சு" என்று அதிகாரமாகச் சொல்வார்கள். அந்த அதிகாரத்தின் மேல் எனக்கு இப்போது பெரிய ஏக்கம் இருக்கிறது. அவர்களுக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. மேலே இருப்பவர்களுக்கும் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குள் நுழைய உரிமை இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் தட்டுவார்கள். புருஷன் அடித்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். "நாம வேஞ்ச வீடுதான" என்று எங்கள் பெரியம்மை சொல்லுவாள். அவள் ஏழைப்பட்டவள், வருஷத்துக்கு முப்பது ஓலைக்கு மேல் கொடுத்ததில்லை.

இதெல்லாம் எங்கள் ஊர் ஒன்றின் பழக்கம் இல்லை. 1799இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக முதலூர் உண்டான நாளிலிருந்தே திருநெல்வேலிக் கிறிஸ்தவம் வீடு கட்டியும் கூரை வேய்ந்தும்தான் வளர்ந்தது. 1830இல் மிஷனெரி ரேனியஸ் காலத்தில் ஏற்பட்ட தரும சங்கத்தின் வேலையே, ஊரைவிட்டு விரட்டப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு உண்டாக்குவதுதான். கைப்பிடி அரிசி எடுத்துவைத்தவர்களும் சங்கக் காணிக்கை கட்டியவர்களும் தங்கள் தெருவில் தங்கள் கண்முன் எழும்பிய சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் குறை சொன்னார்கள். டாங்ஸ் ஊரில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. நாங்கள் எது செய்தாலும் கும்பிட்டார்கள். கடப்பைக்கல் மேடைக்கும் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு அப்போது எனக்கு இனித்தது.

ஹோண்டுராஸ் நாட்டை 1998ஆம் வருஷம் மிட்ச் புயல் அடித்துப் போட்டபோது, வட அமெரிக்க சபைகளிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயே பல காலம் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், தானும் விசுவாசியானவர், சில வருஷம் கழித்து அந்த வீடுகளில் குடியிருப்பவர்களையும் கட்டிவிட்டுப் போனவர்களையும் தேடிப்போய் விசாரித்தார். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் பிடித்திருக்கிறது. ஒரு குழு வந்துபோக ஆன மொத்தச் செலவோ சராசரியாக 30,000 டாலர். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் உள்ளூர் ஆட்கள் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வந்தவர்களின் ஜெபத்திலும் கொடையிலும்கூட அவர்கள் சொல்லிக்கொண்ட அளவுக்கு மாற்றம் நிலைக்கவில்லை. இதை முதன்முதலாக அறிந்தபோது நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் கணக்கு அத்தனை மோசமில்லை. வீட்டுக்கு 1,90,000 ரூபாய். பதினான்கு பேர் போய்வர 31,000. அப்போது அங்கே ஒரு கொத்தனாருக்கு நாள்கூலி 250 என்று கேள்விப்பட்டிருந்தேன். வகுத்துப் பார்த்தால் 124 நாள் கூலி. தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுவதும் ஒரு மனிதர் என் கண்ணுக்குள்ளேயே நின்றார். வேலை நடந்த இடத்துக்குத் தினமும் வந்து, கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருப்பார். நடுத்தர வயது. பையில் சொந்தக் கரண்டியும் தூக்குக்குண்டும். நாங்கள் போவதற்கு முன்பே அஸ்திவாரம் போட்டு வைத்தவர் அவர்தான் என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. "அண்ணாச்சி, அவரும் கொத்தனாராம். கூப்பிட்டுக்கிடலாமா?" என்று கேட்டேன். "பேசாம சட்டிய எடுடே. நாம இவ்வளவு தூரம் வந்ததே வேல செய்யத்தான?" என்றார் அண்ணாச்சி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு வாரக் கூலியை விட்டுவிட்டு, சொந்தக் கைக்காசில் டிக்கெட் எடுத்து வந்தவர் அவர். எங்கள் எல்லோருடைய மனதில் இருந்ததையும்தான் அவர் சொன்னார். எங்களுக்கு அந்த வேலை தேவைப்பட்டது. அதை யாரோடும் பங்குபோட மனமில்லை.

அப்படியானால் மூங்கில் தட்டியும் மண்ணும் சாணியும் பூசிய பழைய வீடே நல்லது என்று சொல்கிறேனா? அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் வந்து முட்டிக்கொள்கிறேன். அந்தப் போதகர் தார்சு வீடுதான் வேண்டும் என்றார். ஓடு போட்டால் செலவு பாதியாகக் குறையும், குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று ஊழியத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எடுத்துச் சொன்னபோதும் அவர் விடவில்லை. 1998 கிறிஸ்துமஸ் நாட்களில் டாங்ஸ் காட்டுக்குள் இருந்த சின்னச் சின்ன ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன. மூங்கிலும் புல்லும், ஒரு தீக்குச்சி போதும். அப்போது அவர் வாலிபப் பிள்ளை. தாங்கள் கட்டிய ஜெபவீடு எரிந்த மறுநாள் காலையில் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவி, ஆணிகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் சேர்த்து வைத்ததாகச் சொன்னார். அந்த ஆணிகளில் சிலவற்றை எங்கள் சென்ட்ரிங் பலகைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்துப்போயிருந்தன, ஆனால் நேராக்கினால் அடிக்க முடிந்தது. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், மண்சுவர் மூச்சுவிடும், கான்கிரீட் மூச்சுவிடாது என்று நான் என்ன வாயால் சொல்வேன்? மழைக்காலத்தில் அவருடைய இரண்டாவது பிள்ளை ஈரச்சுவர் ஓரத்தில் படுத்து இளைப்பு வந்து கிடந்ததையும் அவர் சொன்னார். அந்த வீடு அவருக்கு வேண்டும். அவருடைய பயத்துக்கும் அவருடைய பிள்ளையின் நெஞ்சுக்கூட்டுக்கும் அது வேண்டும். என் குறுகுறுப்பு அந்த வீட்டின்மேல் இல்லை என்று எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது கட்டப்பட்ட விதத்தின்மேல். எங்கள் அவசரத்தின்மேல்.

ஊழியத்துக்குப் போகிறவனுக்கு வீடு எதற்கு என்ற கேள்வியும் எங்கள் மண்ணுக்குப் பழையதுதான். கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்த மிஷனெரி ராக்லாந்து 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரம் அடித்தே வாழ்ந்தார். கூட ஃபென், மெடோஸ் என்று இரண்டு பேர். பங்களா கட்டிக்கொண்டு ஓரிடத்தில் உட்காரக் கூடாது என்பது அவர்கள் வைராக்கியம். தெற்கே இருந்த சபைகள், தங்கள் உபதேசியார்களை முறைவைத்து ஒரு மாதம் ஒரு மாதமாக அவர்களுக்குத் துணைக்கு அனுப்பின. நாங்கள் போனதுபோல் போய்த் திரும்பிய முதல் ஆட்கள் அவர்கள்தானோ என்னவோ. ஆனால் அவர்கள் கட்டிவைத்துவிட்டு வருவதற்குப் போகவில்லை. கூட நடப்பதற்குப் போனார்கள். ராக்லாந்து 1858இல் சிவகாசியில் செத்துப்போனார். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்து, அதன் மிஷனெரியாக வெள்ளாளன்விளை அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு 1909இல் குடிபோனார். மறுவருஷம் எடின்பரோ மாநாட்டில், உலகத்து மிஷனெரிகள் எல்லாம் கூடியிருந்த சபையில், நீங்கள் கொடுத்தவை எல்லாவற்றுக்கும் மேலாக எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்று அவர் கேட்டதை எங்கள் பக்கத்துச் சபைகளில் இன்றும் பெருமையாகச் சொல்வோம். நானும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்டவர் நம்மவர், கேட்கப்பட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். டாங்ஸ் ஊரில் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் நான் நின்றேன் என்பது தெரிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

கட்டப் போய்க் கற்றுக்கொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும், எழுத்தின் மூலமாகத்தான். பர்மிங்ஹாமில் பிறந்த லாரி பேக்கர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், தொழுநோய் மிஷனுக்குக் கட்டடம் கட்ட 1945இல் இந்தியா வந்தார். பிறகு இமயமலைப் பக்கம் பித்தோராகர் மலைக்கிராமத்தில் மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு பதினாறு வருஷம் இருந்தார். இங்கிலாந்தில் படித்த படிப்பு மண்ணுக்கும் சாணிக்கும் காட்டுக்கல்லுக்கும் உதவாது என்று கண்டு, அந்த மலைவாசிகள் கட்டுகிற விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டப் பழகினார். பின்னால் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வீடுகளில், தார்சுக்குள் பழைய ஓட்டைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கிற வித்தை உண்டு. தீப்பிடிக்காது, அத்தனை சுடவும் சுடாது. எங்களுக்கும் அதைச் செய்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஓட்டுக்கும் பஞ்சமில்லை. பாறைமேல் உட்கார்ந்திருந்த கொத்தனாரைக் கேட்டிருந்தால் ஓடு எங்கே கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். அதற்குப் பதினாறு வருஷம் தேவையில்லை. ஒரு சாயங்காலம் போதும். அந்த ஒரு சாயங்காலம்தான் எங்கள் பயணத் திட்டத்தில் இல்லாமல் போயிற்று.

2016 ஜூலையில் திரும்பப் போனேன். தனியாக. மருமகனுக்கு வேலை சூரத்துக்கு மாற்றலாகி மகளைப் பார்க்கப் போன சாக்கில். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டை நெருங்கும்போதே பக்கவாட்டிலிருந்து புகை தெரிந்தது. வீட்டின் வலப்பக்கச் சுவரை ஒட்டி, நீளமாக, மூங்கிலும் மண்ணும் ஓடுமாக ஒரு தாழ்வாரம் இறக்கியிருந்தார்கள். நடுவில் அடுப்பு. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஈரத் துணியும் புகையும் கேழ்வரகு வேகும் வாசனையும். போதகரின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, பலகையைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னார். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அங்கிருந்து பார்த்தால் மேடேறி வருகிறவர்கள் தெரிகிறார்கள். வருகிறவர்களுக்கும் தீ தெரிகிறது. அன்றைக்கு மூன்று கல்லை வைத்து அவர் பார்த்தது அதைத்தான். தாழ்வாரத்தை ஊரார் சேர்ந்து இரண்டு நாளில் இறக்கினார்களாம். பாறைமேல் உட்கார்ந்திருந்த கொத்தனார்தான் முன்னால் நின்றாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா ஒரு மூங்கிலைக் காட்டி, இது வளைந்திருக்கிறது, வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் உபதேசியாரம்மாவின் குரல்.

இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தார்சு வீட்டுக்குள் வந்தார்கள். ஒழுகாத இடம் ஊரில் அது ஒன்றுதான். பிள்ளைகள் புத்தகப் பைகளைக் கடப்பைக்கல் மேடையில் அடுக்கினார்கள். விதைத் தானிய மூட்டைகள் அதற்குக் கீழே இருந்தன. யாருடைய குடும்ப அட்டையோ, நிலப் பத்திரமோ, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆணியில் தொங்கின. முன்னறையில் இடம்விடாமல் பாய் விரித்தார்கள். தார்சு வெடிக்கவில்லை. ஒரு கசிவுகூட இல்லை. அந்தப் பெண்கள் அத்தனை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். படுத்துக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ட்ரிங் பலகையின் மரவரி கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த போதகர் இந்தியில் கேட்டார். நான் பிரச்சார சபா பரீட்சை எழுதிய இந்திக்காரன், அவர் மெதுவாகப் பேசினால் புரியும். "மாஸ்டர்ஜி, உங்கள் ஊர் போதகர் வீட்டை யார் கட்டினார்கள்?"

பனையோலையைப் பற்றிச் சொன்னேன். நார் கிழிப்பதை, உலை வைப்பதை, பெரியம்மையின் முப்பது ஓலையை. அவர் ரசித்துக் கேட்டார். ஓலை எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். "இப்போதும் அப்படித்தானா?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, இப்போது கான்டிராக்டர் கட்டுகிறார் என்றேன். குருமனையைப் பற்றி அது உண்மைதான். டைல்ஸ் போட்ட இரண்டு மாடி. உபதேசியார் வீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் சேகரத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். முப்பது குடும்பம் இருந்தால் அதிகம். அங்கே இருக்கும் உபதேசியாரின் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. ஷீட் ஒழுகுகிறது என்ற விண்ணப்பம் சேகரக் கமிட்டிக்கு ஆறு தடவையாவது வந்திருக்கும். நான் கமிட்டியில் இருக்கிறேன். பணித்தளத்துக்குக் காணிக்கை சேர்க்கிற வருஷம், அசனப் பண்டிகை முடியட்டும், கோபுர வேலை முடியட்டும் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டதில் என் கையெழுத்தும் உண்டு. இத்தனைக்கும் நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. டாங்ஸிலிருந்து திரும்பிய அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் மழையோடு மழையாகச் சைக்கிளை மிதித்துப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. உபதேசியார் வெளியே போயிருந்தார். உபதேசியாரம்மா கதவைத் திறந்தார்கள். சின்ன வயசு, இடுப்பில் பிள்ளை. சேகரத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று பதறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து முந்தானையால் துடைத்தார்கள். துடைத்த நாற்காலியை எங்கே போடுவது என்று நின்று யோசித்தார்கள். அறைக்குள் நாலைந்து பாத்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் சுவர் ஓரமாகப் போனேன்.

"அங்க வேண்டாம் சார், அந்த எடம் இப்பதான் ஒழுக ஆரம்பிச்சிருக்கு. இங்கிட்டு வாங்க, அடுப்பு பக்கத்துல."